குதிரைக்குத் தெர்மல் கேமரா: கையோடும் ஸ்கேனோடும் வைத்துப் பார்த்தால்

குதிரை லேசாக நொண்டுகிறது, எங்கே வலி என்று பிடிபடவில்லை. தெர்மல் கேமரா வாங்கலாமா, நேரே எக்ஸ்ரே எடுத்துவிடலாமா என்று குதிரை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்த இரண்டையும் மோதவிடுவதே சரியில்லை என்பேன். கேமராவுக்கு நிஜமான போட்டி நம் உள்ளங்கைதான்.

கேமரா பார்ப்பது தோலிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிரை, அதாவது மேற்பரப்பின் சூட்டை மட்டும். எலும்பும் தசைநாணும் அதன் கண்ணுக்குப் படுவதே இல்லை. ஆனால் அழற்சி வந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடி அந்தச் சூடு தோல்வரை வரும், அதைத்தான் படமாகக் காட்டுகிறது. நல்ல நிலையில் உள்ள குதிரையின் இடதும் வலதும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும் என்பதால், இரண்டு கால்களிலும் ஒரே இடத்தைப் பார்க்கும்போது 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல்.

பழகிய கை சுமார் 2 டிகிரி வித்தியாசத்தை உணரும் என்பார்கள். கேமரா 0.1 டிகிரியைக்கூடப் பிரித்துக் காட்டிவிடும். அந்த வகையில் கேமராவுக்கே வெற்றி. ஆனால் கைக்கு வீக்கம் தெரியும், அழுத்தும்போது குதிரை காலை இழுத்துக்கொள்வது தெரியும், குளம்புக்குப் போகும் தமனியின் துடிப்பு பலமாகிவிட்டதும் தெரியும். குளம்பில் சீழ் கட்டினாலோ, குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிடித்திருக்கும் திசுவில் அழற்சியான லேமினைட்டிஸ் வந்தாலோ அந்தத் துடிப்புதான் முக்கியமான தடயம், கேமரா அதைக் காட்டாது. தினமும் காலைத் தடவிப் பார்க்கிற பழக்கம் இல்லாதவருக்குக் கேமரா வாங்கித் தந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை.

குளம்பு விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு குளம்பு மட்டும் சுட்டால் இடது வலது ஒப்பீடு வேலை செய்யும், ஆனால் லேமினைட்டிஸ் பெரும்பாலும் முன்னங்கால் இரண்டிலும் சேர்ந்தே வரும், அப்போது இரண்டும் ஒரே சூட்டில் இருக்க, படம் பார்க்க ஒழுங்காகத் தெரியும். போதாததற்கு நல்ல குளம்பின் சூடே ஒரு நாளுக்குள் கணிசமாக ஏறி இறங்கும். அதனால் முன்னங்காலைப் பின்னங்காலோடும், அதே குதிரை நன்றாக இருந்தபோது எடுத்த பழைய படங்களோடும் வைத்துப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் கேமராவின் பெரிய பலமே இந்தப் பதிவுதான். கைக்குப் போன மாதச் சூடு நினைவிருக்காது.

சேணம் பொருந்துகிறதா என்று பார்ப்பதிலும் கேமரா கைக்கு மேல். சவாரி முடிந்ததும் சேணத்தைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தையும் குதிரையின் முதுகையும் உடனே படமெடுத்தால் எந்தப் பக்கம் அதிகமாக அழுந்துகிறது, எங்கே ஒட்டவே இல்லை என்று ஓரளவு புரிந்துவிடும்.

சரி, போனில் செருகும் சின்னக் கேமரா போதுமா? 160×120 புள்ளிகள் உள்ளதில் காலை அருகிலிருந்து எடுத்தால் உபயோகமாகத்தான் இருக்கிறது. முதுகு முழுவதையும் ஒரே படத்தில் நுணுக்கமாகப் பார்க்க 320×240, முடிந்தால் 640×480 வேண்டும். புள்ளிகளைவிட நான் பயப்படுவது வண்ணத்துக்கு. கேமரா தானாகவே வண்ண அளவை மாற்றிக்கொண்டே இருக்கும், அரை டிகிரி வித்தியாசம்கூட ரத்தச் சிவப்பாகத் தெரியும். வெப்ப வரம்பைப் பூட்டிவிட்டு, இரண்டு கால்களையும் ஒரே படத்தில் எடுங்கள். காட்டும் எண்ணே பல கேமராக்களில் 2 டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம், அதனால் காய்ச்சல் பார்க்க இதை நம்பவே கூடாது. அதற்கு மலக்குடலில் வைக்கும் தெர்மாமீட்டர்தான், வளர்ந்த குதிரைக்குச் சுமார் 37.5 முதல் 38.5 வரை இயல்பு. வெயில், காற்று, ஈரம், சேறு, தடவிய தைலம், சற்றுமுன் அவிழ்த்த கட்டு எல்லாமே படத்தைக் கெடுக்கும்.

இனி மருத்துவரிடம் உள்ள கருவிகள். தசைநாண் நார்கள் கிழிந்திருக்கின்றனவா என்பதை அல்ட்ராசவுண்ட் காட்டும், கேமரா அங்கே சூடு இருக்கிறது என்பதோடு நின்றுவிடும். எக்ஸ்ரே எலும்பின் வடிவத்தைக் காட்டும். லேமினைட்டிஸில் குளம்புக்குள் எலும்பு திரும்பிவிட்டதா என்பதற்கு அதுதான் பதில். ஆனால் எலும்பின் தாது கணிசமாகக் கரைந்த பிறகே அதில் தெரியும் என்பதால் ஆரம்பக் கட்டத்தைத் தவறவிடக்கூடும். தன்மையில் கேமராவுக்கு நெருங்கிய உறவு என்றால் டெக்னீஷியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருளை உடலில் ஏற்றி எடுக்கும் எலும்பு ஸ்கேன், இரண்டுமே வடிவத்தைவிட உடலின் செயல்பாட்டைப் பார்க்கின்றன. இடுப்பெலும்பில் நுண்முறிவு என்றால் மேலே அவ்வளவு தசை இருக்கும்போது கேமராவால் ஒன்றும் செய்ய முடியாது, ஸ்கேன் பிடித்துவிடும். ஆனால் கதிரியக்கம் தணியும்வரை குதிரையைத் தனியே வைக்க வேண்டும்.

சூடான இடம்தான் வலிக்கிற இடம் என்று கேமரா நிரூபிக்காது. வலிக்கும் காலைக் காக்க எதிர்க்காலில் பாரம் போட்டு அதுவே சூடாகியிருக்கலாம். ஊசி போட்டு நரம்பை மரக்கச் செய்து, நொண்டல் நிற்கிறதா என்று பார்க்கும் பழைய முறைதான் இதில் இன்றும் வலுவானது. உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளில் காலில் எதையாவது தடவி உணர்ச்சியைக் கூட்டியிருக்கிறார்களா என்று சோதிக்கும்போதும், தெர்மல் படத்தோடு காலைத் தொட்டு அழுத்திப் பார்ப்பதும் சேர்ந்தே நடக்கிறது.

எல்லாமே செய்யப்போகிறீர்கள் என்றால் கேமராவை முதலில் வையுங்கள். அல்ட்ராசவுண்டுக்கு முடியை மழித்த இடம் அப்புறம் படத்தில் சூடாகத் தெரியும், மரப்பு ஊசியும் ரத்த ஓட்டத்தை மாற்றிவிடும். ஒரே குதிரை, அதையும் தினமும் நீங்களே தேய்த்துவிடுகிறீர்கள் என்றால் கேமரா அவசியமில்லை; பல குதிரைகளைப் பயிற்சியில் வைத்திருப்பவர் வாரம் ஒருமுறை படம் எடுத்துச் சேர்த்து வைத்தால் செலவுக்குப் பலன் உண்டு. காலைத் தரையில் ஊன்றவே மறுக்கிற குதிரைக்குக் கேமராவைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.