யாழ்ப்பாணத்திலிருந்து யூஸ்நெட்: ஹெடர் இறங்காமல் இழுபடுவது ஏன்?

பைபர் லைனில் ஸ்பீட் டெஸ்ட் 50 எம்பிபிஎஸ் காட்டும். அதே கொம்பியூட்டரில், யூஸ்நெட் என்ற பழைய கலந்துரையாடல் குழுக்களை வாசிக்கும் மென்பொருளான நியூஸ்ரீடர், ஹெடரை (ஒவ்வொரு பதிவின் தலைப்பு, அனுப்பியவர், திகதி விவரத்தை) இறக்கும்போது ஒரு எம்பிபிஎஸ்கூட எட்டாது. உடனே லைனைத் திட்டுவதுதான் வழக்கம். ஆனால் பெரும்பாலான நேரம் பிரச்சினை தூரத்தில் இருக்கிறது.

2024 பெப்ரவரி 22 முதல் கூகிள் குரூப்ஸ் யூஸ்நெட்டின் புதிய பதிவுகளை எடுப்பதில்லை. சொக்.கல்ச்சர்.தமிழ் மாதிரியான குழுக்களுக்குள் போக இப்போது நியூஸ்ரீடரும் ஒரு என்என்டிபி (யூஸ்நெட் பதிவுகளைப் பரிமாறும் நெறிமுறை) சேர்வரும் வேண்டும். எழுத்துக் குழுக்களுக்குப் பலரும் பாவிக்கும் இலவச சேர்வரான எட்டேர்னல் செப்டெம்பர் ஜேர்மனியில் இருக்கிறது. இங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு பொதி போய்த் திரும்ப ஏறத்தாழ 150 முதல் 250 மில்லிசெக்கன் ஆகும்.

நியூஸ்ரீடர் ஹெடரை எக்ஸ்ஓவர் என்ற கட்டளையால் தொகுதி தொகுதியாகக் கேட்கிறது. ஒரு தொகுதி வந்து முடிந்த பிறகே பலதும் அடுத்ததைக் கேட்கும். தொகுதிக்கு 100 ஹெடர், சுற்றுக்கு 200 மில்லிசெக்கன் என்று வைத்தால் செக்கனுக்கு 500 ஹெடருக்கு மேல் வரவே வராது. ஒரு மில்லியன் ஹெடருக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல். லைனை 100 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது, காசுதான் போகும். டிசிபி விண்டோ (கிடைத்ததென்ற பதில் வருமுன் அனுப்பக்கூடிய அளவு) 64 கிலோபைட்டில் நின்றுவிட்டாலும் இதே கதைதான்: 200 மில்லிசெக்கனில் செக்கனுக்கு 320 கிலோபைட்டே உச்சம். விண்டோசை "வேகப்படுத்தும்" சில மென்பொருள்கள், அந்த அளவைத் தானாகக் கூட்டும் ஆட்டோடியூனிங்கை நிறுத்திவிடுகின்றன. அதைத் திரும்ப நோர்மல் நிலைக்குக் கொண்டுவந்தாலே பாதிச் சோலி தீரும்.

அடுத்தது, கேட்கும் அளவைக் குறைப்பது. தண்டர்பேர்ட் என்ற நியூஸ்ரீடர், 500 ஹெடருக்கு மேல் இருந்தால் எத்தனை இறக்குவது என்று முதலில் கேட்கும்; அங்கே "எல்லாம்" என்பதைத் தொடாமல் எண்ணைக் குறிப்பிட்டு, மிச்சத்தை வாசித்ததாகக் குறித்துவிடுங்கள். பான் என்ற நியூஸ்ரீடரில் கடைசி இத்தனை நாள் அல்லது கடைசி இத்தனை ஹெடர் என்று எடுக்கலாம். ஒரு ஹெடர் வரி சுமார் 300 பைட். பைனரிக் குழு (கோப்புகள் பகிரும் குழு) ஒன்றில் 10 மில்லியன் ஹெடர் என்றால் 3 ஜிபி. 4ஜி டேட்டா பக்கேஜில் இருப்பவர்களுக்கு மாதக் கோட்டாவில் பெரிய ஓட்டை. ஹெடர் சுருக்கம் தரும் சேர்வரும் அதைப் புரிந்துகொள்ளும் நியூஸ்ரீடரும் சேர்ந்தால் இது பல மடங்கு சுருங்கும், ஏனென்றால் தலைப்பும் அனுப்பியவர் பெயரும் திரும்பத் திரும்ப வருபவை. பிரமாண்டமான பைனரிக் குழுக்களில் ஹெடர் இறக்குவதையே விட்டு என்இசட்பி கோப்புக்கு (வேண்டிய பதிவுகளை மட்டும் பட்டியலிடும் கோப்பு) போவதுதான் புத்தி.

மெதுவாக வருவது வேறு, ஒரேயடியாக நிற்பது வேறு. நின்றால் நியூஸ்ரீடரை மூடிவிட்டு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்கக் கருவியின் எஸ்_கிளையண்ட் கட்டளை மூலம், பாதுகாப்பான என்என்டிபிக்குரிய 563 போர்ட்டில் நேரடியாக இணைந்து பாருங்கள். வரி முடிவுக்கான சிஆர்எல்எஃப் தெரிவையும் கொடுக்க வேண்டும். ஓத்இன்ஃபோ கட்டளையால் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்தபின் குரூப் கட்டளை. 211 என்று தொடங்கும் பதிலில் குழுவிலுள்ள பதிவுகளின் மொத்தம், ஆகச் சிறிய பதிவு எண், ஆகப் பெரிய பதிவு எண் மூன்றும் வரும். பிறகு கடைசி 50 எண்ணுக்கு எக்ஸ்ஓவர். வெளியேறும் கட்டளையான குயிட்டைச் சின்ன எழுத்தில் அடியுங்கள். வரியின் தொடக்கத்தில் பெரிய கியூ வந்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்து இணைப்பை வெட்டிவிடும்.

இங்கே 50 வரியும் உடனே வந்தால் சேர்வர் சரி, லைன் சரி, கோளாறு நியூஸ்ரீடருக்குள். இணையும்போதே, அல்லது எக்ஸ்ஓவர் போன்ற பெரிய பதில் வரவேண்டிய இடத்தில், உறைந்தால் எம்டியூவை (ஒரு பொதியின் ஆகக்கூடிய அளவை) சந்தேகியுங்கள். சின்னப் பதில்கள் நுழையும், முழு அளவுப் பொதிகள் வழியில் தொலையும். விண்டோசில் துண்டாக்கத் தடையுடன் 1464 பைட் பிங் அனுப்புங்கள். பொதியின் தலைப்பகுதி 28 பைட் சேர்த்தால் 1492, அதாவது பிபிபிஓஈ (பயனர் பெயர் கொடுத்து இணையும் முறை) லைனின் அளவு. போகாவிட்டால் 1440, 1400 என்று இறங்கி, போகும் எண்ணோடு 28 கூட்டி ரவுட்டரில் எம்டியூவாக வையுங்கள்.

4ஜி ரவுட்டரில் வேறொரு குணம் உண்டு. கொஞ்ச நேரம் சும்மா கிடந்த இணைப்பை நடுவிலுள்ள நெட்வேர்க் சொல்லாமல் வெட்டும். நியூஸ்ரீடர் அது உயிரோடு இருப்பதாக நம்பிக் காத்திருக்கும். சும்மா இருக்கும் இணைப்பை 60 செக்கனில் தானே மூடும்படி அமைத்தால் தீர்ந்தது. அவசரத்தில் திரும்பத் திரும்ப இணைத்தால் செத்த இணைப்புகளும் சேர்வரின் கணக்கில் நிற்பதால் "இணைப்பு அதிகம்" என்ற மறுப்பு வரும். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் போதும்.

சேர்வர் மாற்றியவர்களுக்கு வருவது இன்னொன்று, கண்டுபிடிக்கக் கஷ்டமானதும் அதுதான். பதிவு எண்கள் ஒவ்வொரு சேர்வருக்கும் தனித்தனி. வாசித்த எண்களைக் குறித்துவைக்கும் பழைய நியூஸ்ஆர்சி கோப்பில் 90,000 வரை வாசித்ததாக இருந்து, புதிய சேர்வரில் குழு 40,000 வரைதான் போயிருந்தால் "புதிதாக எதுவும் இல்லை" என்றே காட்டும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மறுபக்கம், புதிய எண்கள் பெரிதாக இருந்தால் முழுக் குழுவையும் இழுக்கத் தொடங்கும். குரூப் பதிலின் எண்களை நியூஸ்ஆர்சி வரியோடு ஒப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் குழுவின் வரியை மட்டும் அழித்துப் புதிதாகச் சந்தா எடுங்கள்.

இறக்கிய அளவு 100 சதவீதம் வரை போய் அதன்பின் திரை உறைந்தால் அது டிஸ்க் அல்லது நினைவகத்தின் வேலை. பான் குழுவின் ஹெடர் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும். 4 ஜிபி ராமுள்ள பழைய லப்டொப்பில் சில மில்லியன் ஹெடருக்கே திணறும். டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொன்றையும் வைரஸ் காவலன் சோதிப்பதும் சேர்ந்தால் இன்னும் மோசம். நியூஸ்ரீடரின் தரவுக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் போடுங்கள். இடையில் கரண்ட் போனால் தண்டர்பேர்டின் எம்எஸ்எஃப் கோப்பு (இறக்கிய ஹெடர்களின் சுட்டி) கெட்டுப்போகலாம். பண்புகளில் உள்ள திருத்தும் பொத்தானை அமர்த்துமுன் நியூஸ்ஆர்சி கோப்பை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். எதை வாசித்தீர்கள் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது.