பழைய டெபியன் கணினியில் இரண்டாவது கார்டாக ஆர்டிஎல்8139

வீட்டு இணைய இணைப்பைப் பகிர்ந்து கொடுப்பதற்கென்றே இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும், டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் கொண்ட என் பென்டியம் 4 கணினியின் இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஓர் இடிமழை இரவில் பழுதாகிவிட, பழைய சாமான் கடையொன்றில் ரியல்டெக் ஆர்டிஎல்8139 சிப் பொருத்திய பிசிஐ (தாய்ப்பலகையில் செருகும் பழைய வகை) கார்டை 150 ரூபாய்க்கு வாங்கி ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். இதே சிப் எத்தனையோ பெயர்களில் விற்கப்பட்டிருப்பதால், வாங்கும்போது அட்டைப்பெட்டியை விட்டுவிட்டுச் சிப்பின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்ப்பது நல்லது.

கார்டைச் செருகியவுடன் செருகிய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை அதை 10இசி:8139 என்னும் அடையாள எண்ணோடு சரியாகவே காட்டியது. கணினி தொடங்கும்போது வரும் செய்திகளில், 8139சிபி என்னும் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இந்தச் சிப் தனக்குரியதன்று என்றும் 8139டூ டிரைவரைப் பயன்படுத்தும்படியும் எழுதியிருந்தது. முதன்முறை பார்ப்பவருக்குப் பிழைபோலத் தோன்றும் அந்த வரியில் பிழை ஏதுமில்லை. சாதாரண 8139, அதன் மேம்பட்ட வகையான 8139சி பிளஸ் ஆகிய இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால், சிப்பின் ரிவிஷன் (திருத்தப் பதிப்பு) எண்ணைப் பார்த்தே ஒரு டிரைவர் ஒதுங்கி மற்றொன்றுக்கு வழிவிடுகிறது.

அப்படியிருந்தும் ஈத்1 (இரண்டாவது நெட்வொர்க் கார்டுக்கு லினக்ஸ் தரும் பெயர்) என்றொரு சாதனமே இல்லை என்று கணினி சாதித்தது. ஸ்லாட்டை மாற்றினேன், தொடுமுனைகளை அழிப்பானால் தேய்த்தேன், கேபிளையும் சந்தேகித்தேன். இரண்டு மாலைகள் இப்படியே போயின. உண்மையில் டெபியன் 7 பதிப்பில் சாதனங்களுக்குப் பெயரிடும் யூடெவ் நிரல், பழுதான பழைய கார்டின் மேக் முகவரிக்கே (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய தனி எண்) ஈத்1 என்னும் பெயரை 70-பெர்சிஸ்டன்ட்-நெட்.ரூல்ஸ் கோப்பில் ஒதுக்கி வைத்திருந்ததால், புதிய கார்டு ஈத்2 ஆகிவிட்டிருந்தது. இறந்தவர் பெயரிலேயே ரேஷன் அட்டை நீடித்த கதைதான். பழைய வரியை நீக்கி, புதிய வரியில் பெயரைத் திருத்தி, கணினியை மீண்டும் தொடங்கியதும் கார்டு உயிர்பெற்றது. அதன்பிறகும் இணையம் வராததற்குக் காரணம் நானே: உள்வலைக்கான இந்தக் கார்டுக்கும் ஒரு கேட்வே (வெளி வலைக்குச் செல்லும் வாயில்) முகவரி எழுதியிருந்தேன். வெளியே செல்லும் கார்டுக்கு மட்டும் கேட்வே இருந்தால் போதும். இரண்டு கார்டுகளையும் ஒரே சப்நெட்டில் (முகவரித் தொகுதியில்) வைக்காதிருப்பதும் அதே அளவு முக்கியம்.

வேகத்தைப் பொறுத்தவரை, 100 மெகாபிட் என்னும் எல்லைக்குள் விநாடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட் கிடைக்கிறது. ஆனால் வரும் தரவு முழுவதையும் இந்தச் சிப் ஒரே வளைய நினைவகத்தில் கொட்டிவிடுவதால், ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டையும்) அங்கிருந்து நகலெடுக்கும் வேலை செயலியின் தலையில் விழுகிறது. பெரிய கோப்புகளை அனுப்பும்போது மற்ற நிரல்கள் மந்தமாவதை நன்றாகவே உணர முடிகிறது. ஃப்ரீபிஎஸ்டி என்னும் மற்றோர் இயங்குதளத்தின் டிரைவர் மூல நிரலில் இந்தச் சிப்பைக் கடுமையாக ஏளனம் செய்யும் குறிப்பொன்று இருப்பதில் எனக்கு வியப்பில்லை.

இணைய இணைப்பு 100 மெகாபிட்டுக்குள் இருப்பவர்களுக்கு இந்த விலையில் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வீட்டுக்குள் கோப்புச் சேமிப்பகமாகவும் அந்தக் கணினியைப் பயன்படுத்துவோர், கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து, இ1000 டிரைவரில் இயங்கும் இன்டெல் ப்ரோ/1000 ஜிடி போன்ற பிசிஐ கிகாபிட் கார்டைத் தேடுவது மேல்.