ஜன்னல் திட்டுக்குக் கல் பதிக்கப்போகிறவர்கள் படியுங்கள்: எனக்கு 38,500 ரூபாய் போனது

நேற்றிரவு மழையில் அம்மாவின் மெத்தை முழுக்க நனைந்துவிட்டது. கல் பதித்துப் பன்னிரண்டே நாளான ஜன்னல் வழியாகத்தான் தண்ணீர் வந்தது. அந்த வேலைக்கு நான் கொடுத்தது 38,500 ரூபாய்.

தாம்பரம் பக்கம் முப்பது வருடப் பழைய வீடு எங்களுடையது. ஐந்து ஜன்னல்களிலும் சிமெண்ட் திட்டு விரிசல் விட்டு, கீழே சுவர் உப்புப் பூத்துப் பெயிண்ட் உதிர்ந்துகொண்டிருந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கருப்பு கிரானைட் போட்டுவிடலாம் என்று, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன்.

வந்தவர் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். தாகம் என்று நினைத்து அம்மா மோர் கொண்டுவந்தார். அவரோ தண்ணீரை வாங்கித் திட்டின் மேல் ஊற்றினார். அது அறைக்குள் ஓடிவந்தது. "பாருங்கள் அம்மா, வாட்டம், அதாவது சரிவு, உள்பக்கம் இருக்கிறது. வெளியே வாட்டம் கொடுத்து, கல்லைச் சுவருக்கு வெளியே ஓர் அங்குலம் நீட்டி, அடியில் நீளமாக ஒரு பள்ளக் கோடு, அதாவது காடி, வெட்டிவிட்டால் தண்ணீர் சுவரைத் தொடாமல் சொட்டிவிடும்" என்றார். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால்தான் நம்பினேன். "செயலியில் கட்டினால் கமிஷன் போய்விடும், நேரில் கொடுங்கள், அந்தப் பணத்துக்கும் நல்ல கல்லாகப் போடுகிறேன்" என்றபோதும் தலையாட்டினேன். முன்பணம் 25,000, வேலை முடிந்த அன்று 13,500.

பதிக்க வந்தது அவர் அல்ல, இரண்டு பையன்கள். நான் அலுவலகத்தில் இருந்தேன். ஒரே பகலில் ஐந்தையும் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான்காம் நாள் பெய்த முதல் மழையிலேயே ஒழுகியது. போய்ப் பார்த்தால் வாட்டம் பழையபடி உள்ளேதான். கல் சுவரோடு சுவராக நிற்கிறது, காடியும் இல்லை. கல்லாவது கிரானைட்டா என்றால் அதுவும் இல்லை. அம்மா எலுமிச்சை மூடியை வைத்த இடம் வட்டமாக வெளிறிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் வேலை செய்யும் மேஸ்திரி பார்த்த உடனே "இது கடப்பாக்கல்" என்றார். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டால் பளபளப்பு போய்விடும். கிரானைட்டை எலுமிச்சை ஒன்றும் செய்யாது.

அந்த ஆளை அழைத்தேன். "மழை நிற்கட்டும், வருகிறேன்." மறுபடி அழைத்தேன். "பையன்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள்." மூன்றாம் முறை யாரோ எடுத்துத் தவறான எண் என்றார்கள். செயலிக்காரர்களோ, "பணம் எங்கள் வழியாக வரவில்லை, பொறுப்பேற்க முடியாது" என்ற ஒரே வரியை நான்கு முறை அனுப்பினார்கள். ஆளை என் வீட்டு வாசலுக்கு அனுப்பியது யார்? அதற்குப் பதிலே இல்லை. 38,500 ரூபாய்!

திட்டை எப்படிப் பராமரிப்பது, எப்போது மாற்றுவது என்றெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் சொல்கிறேன். செயலிக்கு வெளியே ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கல் வந்ததும் ஒரு கல் துண்டின் மேல் எலுமிச்சை பிழிந்து பாருங்கள். பதிக்கும்போது கூடவே நில்லுங்கள். தண்ணீர் ஊற்றி, அது வெளியே ஓடிய பிறகு மீதிப் பணம் கொடுங்கள். ரசீதில் கிரானைட் என்று எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை அழைத்துப் புகார் சொல்லியிருக்கிறேன். 25,000 ரூபாய்க்கு யுபிஐ சான்று இருக்கிறது, 13,500 ரூபாய்க்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

தாம்பரம் பக்கம் திட்டுக் கல்லைப் பெயர்த்து மறுபடி வாட்டம் கொடுத்துப் பதிக்கத் தெரிந்த மேஸ்திரி யாராவது இருந்தால் சொல்லுங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன்.