குட்டிகளை எண்ண வாங்கிய ஆறு கேமராக்கள்: நான்கு ஆண்டு அனுபவம்

காட்டில் மரத்தில் கட்டி வைக்கும் தானியங்கி கேமராவைப் பற்றிய மதிப்புரை இது. பெரிய கொம்புள்ள ஆண்மானின் படம் ஒன்று கிடைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் கையில் கிடைக்கும் எந்தக் கேமராவையும் வாங்கிக்கொள்ளலாம். அந்த வேலையை எல்லாக் கேமராவும் செய்துவிடும். நாங்கள் வாங்கியது மான்களை எண்ணுவதற்கு, அதிலும் முக்கியமாகக் குட்டிகளை எண்ணுவதற்கு. அந்தக் கண்ணோட்டத்தில்தான் இதன் நல்லதையும் கெட்டதையும் சொல்லப் போகிறேன்.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து 640 ஏக்கர் காட்டை, வட அமெரிக்காவில் வாழும் வெள்ளைவால் மானின் வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். தொடக்க ஆண்டுகளில் ஒரு மாலை பரண்மேல் உட்கார்ந்தால் எட்டு, பத்து மான்களாவது கண்ணில் படும். பிறகு ஐந்தாக, மூன்றாகக் குறைந்தது. ஒரு பருவத்தில் நான்கு மாலை தொடர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு மானைப் பார்த்தேன். ஏழு பேரிடமும் ஏழு காரணங்கள் இருந்தன. ஒருவர் கயோட்டியை (ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்கக் காட்டு நாய்) குற்றம் சொன்னார், ஒருவர் பக்கத்து நிலத்துக்காரரை, ஒருவர் நோயை. எண்ணிக்கை மட்டும் யாரிடமும் இல்லை. அப்போதுதான் ஆறு கேமராக்களை வாங்கினோம்.

இது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு கொண்ட வகை. இரவில் படம் எடுக்கும்போது செந்நிறப் புள்ளி எதுவும் வெளியே தெரியாது. முன்பு ஒருவர் வைத்திருந்த 850 நானோமீட்டர் கேமராவின் மங்கலான சிவப்பு ஒளியைக் கண்டு மான்கள் தலையைத் தூக்கி நேராகப் பார்ப்பதைப் பல படங்களில் கண்டிருக்கிறேன். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: வெளிச்சம் தூரம் போகாது. பதினைந்து மீட்டருக்கு அப்பால் இரவில் எல்லாம் சாம்பல் நிறக் குழம்பு. தாய் தெளிவாகத் தெரியும், அதன் பின்னால் நிற்கும் குட்டி இருட்டோடு இருட்டாகிவிடும். முதல் கணக்கெடுப்புக்கு முன்பு இரண்டு கேமராக்களை அகலமான திறந்தவெளியைப் பார்க்கும்படி கட்டியிருந்தேன். அவற்றில் குட்டிகள் பாதிக்குப் பாதி காணாமல் போயின என்பது பகல் படங்களையும் இரவுப் படங்களையும் ஒப்பிட்டபோதுதான் புரிந்தது. மான் நடக்கும் தடத்திலிருந்து ஐந்தாறு மீட்டர் தொலைவில், இடுப்பளவு உயரத்தில், வடக்கு பார்த்துக் கட்டுங்கள். முன்னால் உள்ள புல்லை வெட்டிவிடுங்கள். காற்றில் ஆடும் ஒரே ஒரு புல் கதிர் ஒரே நாளில் ஆயிரம் வெற்றுப் படங்களைத் தந்துவிடும்.

எண்ணும் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் கேமராவோடு வந்த கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1997இல் வனவிலங்கு ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது; இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஏறத்தாழ நூறு ஏக்கருக்கு ஒரு கேமரா, பதினான்கு நாள். ஆண்மான்களின் கொம்பு முழுதாக வளர்ந்து, குட்டிகளும் தாயின் பின்னால் நடக்கத் தொடங்கியிருக்கும் கோடை இறுதியில் செய்ய வேண்டும். கிளைக்கொம்புள்ள ஆண்மான்களைக் கொம்பின் அமைப்பை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காணலாம். பெண்மான்களையும் குட்டிகளையும் அப்படிப் பிரித்தறிய முடியாது. ஆகவே ஓர் ஆண்மான் சராசரியாக எத்தனை முறை படத்தில் விழுகிறதோ அத்தனை முறையே மற்ற மான்களும் விழும் என்று வைத்துக்கொண்டு, விகிதத்தைப் பிடித்துக்கொள்கிறோம்.

எங்கள் முதல் ஆண்டுக் கணக்கு இப்படி இருந்தது. கிளைக்கொம்பு ஆண்மான்கள் 9. அவை படத்தில் விழுந்தது மொத்தம் 216 முறை. அதாவது ஒரு மானுக்குச் சராசரியாக 24 முறை. பெண்மான்கள் 384 முறை விழுந்திருந்தன. 24ஆல் வகுத்தால் 16 பெண்மான்கள். குட்டிகள் 120 முறை; வகுத்தால் 5. கிளையில்லாத குத்துக்கொம்பு இளம் ஆண்கள் 48 முறை, அதாவது 2. ஆக மொத்தம் 32 மான்கள்.

இந்த முறையில் கேமராவுக்கு முன்னால் மக்காச்சோளம் போட்டு மான்களை வரவழைப்பது வழக்கம். எங்கள் பகுதியில் தீனி வைக்கத் தடை இருக்கிறது. மான் கூட்டத்தை ஓரிடத்தில் நெருக்கினால் தொற்று நோய்கள், குறிப்பாக மூளையை அரிக்கும் நாட்பட்ட நலிவு நோய், எளிதாகப் பரவும் என்பதற்காக விதிக்கப்பட்ட தடை அது, சரியான தடை. எனவே நடைத்தடங்களில் மட்டுமே கட்டினோம். 32 என்பது தலை தப்பாத எண் அல்ல. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அதே மரங்களில், அதே நாட்களில், அதே உயரத்தில் கட்டினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

16 தாய்களுக்கு 5 குட்டிகள். அன்றிரவு நான் தூங்கவில்லை. நன்கு வளர்ந்த வெள்ளைவால் பெண்மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். அப்படியிருக்க, மூன்று தாய்க்கு ஒரு குட்டிகூட இலையுதிர்காலத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் எங்கள் வேட்டைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆறு பருவங்களில் 47 பெண்மான்களைச் சுட்டிருந்தோம், ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு. பிழைக்கும் ஐந்து குட்டிகளில் பாதி பெண் என்றே வைத்துக்கொண்டாலும், புதிதாகச் சேர்வது இரண்டோ மூன்றோதான். வரவு மூன்று, செலவு எட்டு. கயோட்டியைத் தேடி நாங்கள் வெகுதூரம் போகவே வேண்டியிருந்திருக்கவில்லை.

இத்தனை காலம் இது ஏன் எங்கள் கண்ணில் படவில்லை என்பதையும் கேமராதான் காட்டியது. ஆண்மான்கள் குறையவே இல்லை. ஒன்றரை வயது ஆனதும் இளம் ஆண்கள் பிறந்த இடத்தை விட்டுப் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடியேறும். ஆகவே எங்கள் காட்டுக்கு வெளியிலிருந்து ஆண்கள் வந்துகொண்டே இருந்தன. நாங்களும் காடு நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருந்தோம். பெண்குட்டிகள் அப்படிப் போவதில்லை. பெரும்பாலும் தாயின் வாழிடத்தை ஒட்டியே தங்கிவிடும். ஓர் ஓடைக்கரையில் வாழ்ந்த தாயையும் மகளையும் பேத்தியையும் சுட்டுவிட்டால், அந்த ஓடைக்கரை ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். பக்கத்து நிலத்துப் பெண்மான்கள் ஓடி வந்து அதை நிரப்பிவிடாது.

"மான்தானே, விட்டால் தானே பெருகும்" என்று எங்களில் மூத்தவர் சொன்னார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 1900 வாக்கில் வெள்ளைவால் மான்கள் சில லட்சமாகக் குறைந்திருந்தன. இன்று ஏறத்தாழ மூன்று கோடி என்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ரிசர்வ் என்ற வேலியிட்ட நிலத்தில் 1928இல் விட்ட ஆறு மான்கள் ஆறே ஆண்டுகளில் 160ஆகப் பெருகின. ஆனால் அந்த நிலத்தைச் சுற்றி வேலி இருந்தது, தின்னத் தழை இருந்தது, யாரும் சுடவில்லை. நாடு முழுவதும் நடந்த மீட்சிக்குப் பின்னாலும் வேட்டைக் கட்டுப்பாடு இருந்தது, மான்களைப் பிடித்து வேறு இடங்களில் கொண்டுபோய் விட்ட உழைப்பு இருந்தது, 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டாமீது விதித்த வரியிலிருந்து வந்த பணம் இருந்தது. தானாக எதுவும் நடக்கவில்லை. அவரிடம் இதைச் சொன்னபோது பதில் பேசாமல் கேட்டுக்கொண்டார். அந்தப் பருவத்திலிருந்து பெண்மான் சுடுவதை நிறுத்தினோம். முதலில் கை உயர்த்தியவர் அவர்தான்.

இரண்டாம் ஆண்டு கேமரா தந்த படங்களை இன்றும் என்னால் இயல்பாகப் பார்க்க முடியவில்லை. ஓடைக்கருகில் இருந்த நான்காம் கேமராவில் இடது காது கிழிந்த ஒரு பெண்மான் தவறாமல் வரும். பின்னால் இரண்டு குட்டிகள். அதில் ஒன்றின் விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. செப்டம்பர் 6ஆம் தேதி மாலை அந்தத் தாய் தலையைத் தொங்கவிட்டு, வாய் திறந்தபடி, நாக்கு வெளியே தள்ளி, ஓடைத் தண்ணீரில் கணுக்கால் முழுக நிற்கிறது. மூன்று படங்களிலும் ஒரே நிலை, கால்கூட மாறவில்லை. 7ஆம் தேதி முதல் குட்டிகள் மட்டும் வருகின்றன. மெமரி கார்டை எடுக்கப் போனவன் ஓடையின் கீழ்ப்பக்கம் நடந்து பார்த்தேன். இரண்டு வளைவுகளுக்குள் மூன்று மான்கள் தண்ணீர் ஓரத்தில் செத்துக் கிடந்தன. கொசுவைவிடச் சிறிய ஒருவகைக் கடி ஈக்கள் பரப்பும் ரத்தக்கசிவு நோய் அது. காய்ச்சலில் வேகும் மான் தண்ணீரைத் தேடிப் போகும், அங்கேயே விழும். முதல் கடும் உறைபனி விழுந்து ஈக்கள் சாகும்வரை நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மாநில வனவிலங்குத் துறைக்கு நாள், இடம், படங்கள் எல்லாவற்றையும் அனுப்பினோம். பெண்மான்களை விட்டுவைத்த முதல் ஆண்டே இப்படி ஆகிவிட்டதே என்று எங்களில் இருவர் மனமுடைந்தார்கள். அந்த நோய்க்குப் பிறகும் பெண்மான்கள் மிஞ்சியதே நாங்கள் சுடாமல் விட்டதால்தான் என்று அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அறுபது ஏக்கரில் மரங்களைக் கலைத்து வெட்டினோம். காடு முதிர்ந்து, தலைக்குமேல் இலைக்கூரை மூடி, தரையில் வெளிச்சமே விழாமல் இருந்தது. மான் வாய்க்கு எட்டும் உயரத்தில் தழை இல்லை. பிறந்த குட்டி மறைந்து படுக்கப் புதரும் இல்லை. குட்டி முதல் சில வாரங்கள் அசையாமல் ஒளிந்து படுத்துத்தான் உயிர் பிழைக்கிறது. வெறும் சருகின்மேல் படுத்த குட்டியைக் கயோட்டி கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வெட்டிய கிளைகளை அள்ளாமல் அங்கேயே போட்டுவிட்டோம். அடுத்த கோடையில் அந்த இடத்தில் என் மார்பளவுக்கு முள்ளும் கொடியும் இளங்கன்றுகளும்.

நான்காம் ஆண்டுக் கணக்கில் கிளைக்கொம்பு ஆண்மான்கள் 8, பெண்மான்கள் 19, குட்டிகள் 13. மொத்தத் தலைக்கணக்கு இன்னும் பழைய நாட்களை எட்டவில்லை. ஆனால் 16 தாய்க்கு 5 என்று இருந்தது 19 தாய்க்கு 13 ஆகியிருக்கிறது.

இனிக் குறைகள். இவற்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பேட்டரி மாற்றும்போது கடிகாரம் தொடக்கத் தேதிக்குத் திரும்பிவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் ஒரு கேமராவின் பதினான்கு நாள் படங்களும் தேதி இல்லாமல் போனதால் கணக்கில் சேர்க்க முடியவில்லை. கணக்கெடுப்புக்கு வாங்கும் கருவியில் இது மன்னிக்க முடியாத குறை. இப்போது மாற்றியவுடன் கைக்கடிகாரத்தைக் கேமராவுக்கு முன் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

கைப்பேசியில் இதற்கென்று ஒரு செயலி தருகிறார்கள்; ஆண், பெண், குட்டி என்று தானே பிரித்துவிடும் என்று விளம்பரம். செப்டம்பரில் குட்டிகளின் உடல் புள்ளிகள் மறையத் தொடங்கிவிடும். அந்தச் செயலி அப்படிப்பட்ட குட்டிகளைப் பெண்மான் என்று எழுதிவிடுகிறது. அதை நம்பியிருந்தால் குட்டி குறைவு, தாய் அதிகம் என்று கணக்கு இரண்டு பக்கமும் கெட்டிருக்கும். முகத்தைப் பாருங்கள்: குட்டியின் மூக்கு குட்டையாக, தலை உருண்டையாக இருக்கும், வளர்ந்த மானின் முகம் நீண்டிருக்கும். ஒவ்வொரு படத்தையும் நாமே கண்ணால் பார்த்துப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எனக்கு ஆண்டுக்கு மூன்று வார இறுதிகள் ஆகின்றன.

வெயில் ஏறிய பிற்பகல்களில், உடல் வெப்பத்தைக் கண்டு கேமராவை இயக்கும் உணரி தடுமாறுகிறது. உடல் வெப்பத்துக்கும் காற்றின் வெப்பத்துக்கும் வேறுபாடு குறையும்போது மான் எதிரே நடந்தாலும் படம் விழுவதில்லை. மான்கள் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும் என்பதால் எங்களுக்குப் பெரிய இழப்பு இல்லை.

ஒரு கேமராவின் மூடித் தாழ்ப்பாள் உடைந்தது. விற்றவர்கள் மாற்றித் தந்தார்கள், ஆறு வாரம் கழித்து. அதற்குள் கணக்கெடுப்பே முடிந்துவிட்டது. அந்த ஆண்டு ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிச் சமாளித்தேன்.

அமைப்பைப் பொறுத்தவரை, ஒரு தூண்டலுக்கு மூன்று படங்கள், அடுத்ததற்கு ஒரு நிமிட இடைவெளி என்று வையுங்கள். தீனி வைத்துக் கணக்கெடுப்பவர்கள் ஐந்து நிமிடம் வைப்பார்கள். நடைத்தடத்தில் அது ஒத்துவராது. குட்டி தாயை ஒட்டியே வருவதில்லை. கொஞ்சம் மேய்ந்துவிட்டுத் தாமதமாக ஓடி வரும். ஐந்து நிமிடம் வைத்தால் தாய் மட்டும் கணக்கில் ஏறும், குட்டி ஏறாது. சாதாரண ஆல்கலைன் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. லித்தியம் போடுங்கள், ஒரு பருவம் முழுவதும் தாங்குகிறது.

இவ்வளவு குறை இருந்தும் மீண்டும் வாங்குவேனா என்றால், வாங்குவேன். கடிகாரக் கோளாற்றைச் சரிசெய்த புதிய வகை வந்தால் அதை, வராவிட்டால் இதையே. இருபது முப்பது ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு மானின் வாழிடமே அதைவிடப் பெரியது. பக்கத்து நிலத்துக்காரர்களோடு சேர்ந்து எண்ணினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

சென்ற செப்டம்பரில் நான்காம் கேமராவின் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை 5.52. ஓடையைக் கடந்து ஒரு பெண்மான் வருகிறது. விலாவில் அந்த வெள்ளைத் திட்டு. 5.53க்கு விழுந்த அடுத்த மூன்று படங்களில் தாய் இல்லை. கரையேறும் குட்டி ஒன்று மட்டும் இருக்கிறது.