கள்ள ஷெட்யூல்ட் டாஸ்க்கைப் பிடிப்பது: தோட்ட அலுவலகத்தில் மூன்று வருட அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணினி வேலை பார்க்கிறேன். அலுவலகம், ஆலை, லாரி எடை போடும் தராசு, ஸ்டோர், கிளினிக் எல்லாம் சேர்த்து 43 கணினிகள். எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் விதிகளையும் நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் ஒன்றுதான். குரூப் பாலிசி (அந்த விதிகளை எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து அனுப்பும் வசதி) வழியாகக் கள்ள ஷெட்யூல்ட் டாஸ்க் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) நுழைகிறதா என்று கண்காணிக்கும் ஏற்பாட்டை 2022-இல் தொடங்கி மூன்று வருடத்துக்கு மேலாக நடத்தி வருகிறேன். இதற்கென்று எதுவும் வாங்கவில்லை. விண்டோஸிலேயே உள்ள ஆடிட் பதிவுகள், அவற்றை ஒரே இடத்துக்கு அனுப்பும் ஈவென்ட் ஃபார்வர்டிங், எந்த நிரல் ஓடுகிறது என்பதையெல்லாம் பதியும் இலவச சிஸ்மான், பதிவுகளைச் சேர்த்து வைக்க ஒரு பழைய கணினி, அவ்வளவுதான்.

2021-இல் வந்த லாக்பிட் 2.0 என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் மென்பொருள், டொமைன் கன்ட்ரோலரைப் பிடித்ததும் தானே குரூப் பாலிசிகளை உருவாக்கி மற்ற கணினிகளுக்குப் பரவியது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் தரவுகளை அழித்த ஹெர்மெட்டிக்வைப்பரும் ஓரிடத்தில் குரூப் பாலிசி மூலமாகவே இறக்கப்பட்டது. இதைப் படித்தபோது எனக்குத் தராசுதான் நினைவுக்கு வந்தது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். செக்ரோலும் (வேலையாட்களின் வருகை, கூலிப் பதிவு) கணினியில்தான் இருக்கிறது. மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஒரே இரவில் எல்லாக் கணினியும் படுத்துவிட்டால் பாதிக்கப்படுவது வெட்டுக்காரர் வீட்டுச் சமையலறை.

முதல் வருடம் பெரும்பாலும் வீண். 4698 என்ற ஈவென்ட் எண், புது டாஸ்க் உருவானதைச் சொல்லும். அந்த டாஸ்க்கின் முழு விவரமும் எக்ஸ்எம்எல் வடிவில் அதற்குள்ளேயே இருக்கும். ஆனால் 'அதர் ஆப்ஜெக்ட் ஆக்சஸ்' ஆடிட்டை நாமே திறந்துவிட்டால்தான் அது பதிவாகும். திறந்தேன். பிரவுசர் அப்டேட், பிரிண்டர் மென்பொருள் என்று வந்து குவிந்தது. செக்யூரிட்டி பதிவின் அளவு 20 எம்பி-யாகவே இருந்ததால் பழையது அழிந்து புதியது ஏறிக்கொண்டே இருந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. பாலிசி வழியாக வரும் டாஸ்க்கை அந்தக் கணினியின் சிஸ்டம் கணக்கே உருவாக்குகிறது. அதனால் 4698-இல் பெயரைப் பார்த்து யார் செய்தது என்று சொல்லவே முடியாது. 'இமீடியட் டாஸ்க்' வகை இன்னும் மோசம். ஓடி முடிந்ததும் தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும். மறுநாள் போய் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தால் ஒன்றும் இருக்காது.

அப்புறம்தான் தலைகீழாக யோசித்தேன். 43 இடத்தில் தேடுவானேன்? பாலிசி வழியாக வரும் எந்த டாஸ்க்கும் முதலில் டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்வால் பகிர்வில் (எல்லாக் கணினியும் பாலிசியைப் படிக்கும் பொது ஃபோல்டர்), அந்தந்த பாலிசியின் ஃபோல்டருக்குள், 'ஷெட்யூல்ட்டாஸ்க்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பாகத்தான் விழ வேண்டும். வாசல் ஒன்றுதான், அதில் உட்கார்ந்தால் போதும்.

அந்தக் கோப்பைக் கவனிக்க, பகிர்வில் உள்ள கோப்பைத் தொடுவதைப் பதியும் 5145 ஈவென்ட்டை முதலில் போட்டேன். எந்த ஐபியிலிருந்து தொட்டார்கள் என்பதுவரை அது சொல்லும். ஆனால் ஒவ்வொரு கணினியும் பாலிசியைப் படிக்கும்போதெல்லாம் ஒரு வரி விழுந்து டிஸ்க்கை நிரப்பியது. அதனால் பாலிசி ஃபோல்டரில் எழுதும் செயலுக்கு மட்டும் ஆடிட் வைத்து 4663-க்கு மாறினேன். அன்றிலிருந்து நிம்மதி. 4663-இல் ஐபி இருக்காது. அதிலுள்ள லாகான் எண்ணை, உள்நுழைவைப் பதியும் 4624-உடன் பொருத்தி எடுத்துக்கொள்கிறேன். கூடவே 5136-உம் வைத்திருக்கிறேன். ஒரு பாலிசியில் டாஸ்க் வசதி புதிதாகச் சேரும்போது ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்கு, பாலிசி விவரக் களஞ்சியம்) அதன் பதிவு மாறுவதை அது காட்டும். இதற்கும் ஆடிட் விதியைத் தனியாக வைக்க வேண்டும். நான் அதை மறந்து நான்கு மாதம் 'ஒன்றும் வரவில்லை, நன்றாக இருக்கிறது' என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நானே மாதம் ஒருமுறை சோதனை பாலிசி ஒன்றில் பொய் டாஸ்க் வைத்து எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்கிறேன்.

பெரிய கம்பெனியில் பாலிசிகள் தினமும் மாறும். எங்களிடம் இருப்பது 11 பாலிசிகள், வருடத்தில் நாலைந்து முறை மாறினால் அதிகம். அதனால் ஒவ்வொரு பாலிசியின் வெர்ஷன் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கணினிப் பக்கம் மாற்றினால் எண் 1 கூடும், பயனர் பக்கம் மாற்றினால் 65536 கூடும். நோட்டில் இல்லாத எண் வந்தால் நான் இல்லாமல் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாம் வருடம் ஒரு சனிக்கிழமை, இரவு 11.40-க்குக் கைப்பேசியில் எச்சரிக்கை வந்தது. பிரிண்டர் பாலிசியில் யாரோ டாஸ்க் கோப்பை எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்கு, தராசு மென்பொருளைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது. அவருக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர், "நான் எதையும் தொடலையே தம்பி" என்றார். அவருடைய பாஸ்வேர்ட் வேறெங்கோ கசிந்திருந்தது.

பாலிசி புதுப்பிப்பு 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடலாம். ஆனால் ஒவ்வொரு கணினியும் தன் போக்கில் கேட்பதால், சில கணினிகள் அடுத்த நிமிடமே எடுத்துக்கொள்ளும். ஓடிப்போய் அந்தக் கணக்கை முடக்கினேன், அதன் தொடர்பைத் துண்டித்தேன், பாலிசி இணைப்பை நிறுத்தினேன். இரவானதால் அலுவலகக் கணினிகள் அணைந்திருந்தன. தராசிலும் ஆலைக் கட்டுப்பாட்டு அறையிலும்தான் ஓடிக்கொண்டிருந்தன. மறுநாள் சேர்த்து வைத்த பதிவில் தேடியபோது, அந்த இரண்டிலும் 22 நிமிட இடைவெளியில் ஒரே பெயருள்ள டாஸ்க்குக்கு 4698 இருந்தது. குறியாக்கம் செய்த நீண்ட பவர்ஷெல் கட்டளை வரி, விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைப்பதற்கானது. அடுத்து வரவேண்டியது வருமுன் நின்றுவிட்டது. இரண்டையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டேன். தராசு அன்று முழுக்கக் காகிதச் சீட்டில் ஓடியது. தராசுக் கிராணியார் (எழுத்தர்) முணுமுணுக்காமல் 60 லாரிக்கும் கையால் எழுதினார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஒரு விஷயம் அனுபவத்தில்தான் புரிந்தது. பாலிசியை நிறுத்தினாலும், சாதாரண வகை டாஸ்க் ஏற்கெனவே இறங்கிய கணினியில் அப்படியே கிடக்கும். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

குறைகள் இருக்கின்றன. டாஸ்க்கை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்பு விவரக் கிடங்கு) ஒளித்து வைக்கும் தந்திரம் உண்டு. 2022-இல் வெளியே தெரியவந்த டாராஸ்க் என்ற தீய மென்பொருள், பாதுகாப்பு விவர மதிப்பை நீக்கி டாஸ்க்கைப் பட்டியலிலிருந்தே மறைத்தது. அதற்காக ரெஜிஸ்ட்ரியையும் டாஸ்க் பட்டியலையும் ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்ட் வாரம் ஒருமுறை ஓடுகிறது, பழைய கணினிகளில் மெதுவாகத்தான். சிஸ்மானை இப்போது ஷெட்யூலர் சேவை பெற்றெடுக்கும் புராசஸ்களுக்கு மட்டும் சுருக்கிவிட்டேன். முழுதாக வைத்தபோது ஸ்டோர் கணினி நகரவே இல்லை. இடி மின்னலில் சுவிட்ச் எரிந்து இருமுறை பதிவு வராமல் போனது. அந்த நாட்களின் பதிவு கணினிகளில் மட்டுமே இருந்தது.

அடுத்த மாதம் தராசுக்குப் புது ஒப்பந்தக்காரர் வருகிறார். அவருக்கான கணக்கை உருவாக்கி முடக்கி வைத்திருக்கிறேன். அவர் வரும் நாளில் திறப்பேன், டொமைன் அட்மின் உரிமை கிடையாது. மாலையில் திரும்ப மூடி நோட்டில் எழுதுவேன்.