வியாழக்கிழமை மட்டும் திறக்கும் ஏழாம் நம்பர் ரூம்

ஐந்துக்கு மூன்றரை. டாக்டருக்கு மட்டும் மார்க் போடுவதென்றால் ஐந்தையும் கொடுத்திருப்பேன். குறைத்த ஒன்றரை, கவுன்ட்டருக்கும் கிழமைக்கும்.

மதுரை மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி, அங்கே வாரம் ஒரு நாள் நடக்கிற மனநல ஓபி பற்றித்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை, போட்டால் என் அக்கா மகன் யாரென்று அந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பையன் பிளஸ் டூ. ஆடி மாதத்திலிருந்து தூக்கம் இல்லை, சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறான், கபடிக்குப் போவதையும் விட்டுவிட்டான். வீட்டில் முதலில் பாண்டி கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன், நம் பக்கம் முக்கால்வாசி வீட்டில் முதல் படி அதுதான். அப்புறம் மதுரையில் ஒரு தனியார் டாக்டர். ஃபீஸ் 700 ரூபாய், சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்லி ஒன்பதே முக்காலுக்கு உள்ளே விட்டார்கள், அவர் அக்காவிடமும் என்னிடமும் பேசினாரே தவிர நடுவில் உட்கார்ந்திருந்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி பஸ் போய், ஆட்டோவுக்கு அழுதது தனி. மறுபடி போகலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் மாமா, அவருக்கு என் பேரே தெரியாது" என்றான். சரிதானே.

ஒரு ராத்திரி அவன் பேசிய பேச்சைக் கேட்டு அக்கா பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். 14416 நினைவுக்கு வந்தது. டெலிமானஸ் என்று அரசு மனநல உதவி எண் ஒன்றை 2022 அக்டோபரில் ஆரம்பித்தார்களே, அதுதான். காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஆனால் இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் படுத்திருக்கும்போது ஒரு பதினேழு வயதுப் பையன் எங்கே போய்ப் பேசுவான்? தோட்டத்தில் பம்ப்செட் ரூமுக்குப் போய், யாருக்கும் கேட்கக்கூடாதென்று மோட்டாரைப் போட்டுவிட்டுப் பேசியிருக்கிறான். அந்தச் சத்தத்தில் எதிர்முனையில் இருந்த அம்மாவுக்கு என்ன கேட்டதோ, இருந்தும் அரை மணி நேரம் போனை வைக்கவில்லை. இந்தத் தாலுகா ஆஸ்பத்திரியையும் வியாழக்கிழமையையும் சொன்னது அவர்தான். பத்து கிலோமீட்டரில் இப்படி ஒன்று நடப்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது, ஊரில் ஒரு போர்டு கிடையாது.

முதல் நாள் ஓபி சீட்டு வாங்குகிற வரிசையில் எங்களுக்குப் பின்னால் இருபது பேராவது இருந்திருப்பார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் என்னவென்று கேட்டார், மெதுவாகச் சொன்னேன். அவர் சத்தமாக, "மனநலமா? ஏழாம் நம்பர் ரூம்!" வரிசையே திரும்பிப் பார்த்தது. பையன் அந்தச் சீட்டில் முத்திரை இருந்த பக்கம் உள்ளே போகிற மாதிரி நான்காக மடித்து, அதையும் மூடிய கைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். டாக்டர் கேட்கும்போது வியர்வையில் மை பரவிப் போயிருந்தது. அந்த ஆள் கெட்ட மனதோடு கத்தவில்லை, காய்ச்சல் ரூமுக்கும் அதே குரல்தான். எங்களுக்கு அது வேறு மாதிரி கேட்டது, அவ்வளவுதான்.

உள்ளே நடந்தது நேர் எதிர். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "தம்பி, நீ சொல்லு" என்றார். இருபத்தைந்து நிமிடம். அவனுக்குப் பதினெட்டு ஆகாததால் மாத்திரை தொடங்குமுன் அக்காவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக விளக்கினார். கூட வந்திருந்த சைக்காலஜிஸ்ட் அடுத்த வாரத்திலிருந்து தனியாகப் பேசினார். மாத்திரை இலவசம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை தருகிறார்கள். இப்போது தூங்குகிறான். சாப்பாடும் பரவாயில்லை.

அப்புறம் கிழமை. மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒரே குழு ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளைச் சுற்றுகிறது, இங்கே அவர்களுக்கு வாய்த்தது வியாழன், அதுவும் காலையில் மட்டும். அவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாராவாரம் அதே கிழமை லீவு போட்டால் என்ன ஆகும்? மூன்றாவது வாரமே வகுப்பில் "என்னடா வியாழக்கிழமை" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பிராக்டிகல் வகுப்பும் அன்றைக்குத்தான். பெங்களூரில் இருக்கிற மத்திய அரசு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 13லிருந்து 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவன் வகுப்பில் அறுபது பேர். கணக்குப் போட்டால் நான்கு பேர் வரும், மற்ற மூன்று பேர் யாரோ, எந்தக் கிழமை போகிறார்களோ, இல்லை போகவே இல்லையோ. மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பஸ்ஸில் அக்காவுக்கு டிக்கெட் இல்லை, அவனுக்கு உண்டு. இலவசப் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான் செல்லும், ஆஸ்பத்திரி எதிர்த்திசை.

போகிறவர்களுக்கு: பழைய சீட்டு, ஆதார் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பதினொன்றரைக்கு மேல் போனால் அடுத்த வாரம்தான். பிள்ளையை வரிசையில் நிறுத்தாதீர்கள், வேப்பமரத்தடியில் பெஞ்ச் இருக்கிறது, உட்கார வையுங்கள். கவுன்ட்டரில் என்ன ஏது என்று சொல்லவேண்டாம், "ஏழாம் நம்பர்" என்றால் போதும், அவருக்கே புரியும்.