கடலூரில் சொந்த வீடு, புதுச்சேரியில் வாடகை வீடு: இரண்டு வீட்டுக் காப்பீடுகளின் அனுபவம்

கடலூரில் தென்பெண்ணை ஆற்றுக்கு அருகே எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. அதில் அப்பாவும் அம்மாவும் வசிக்கிறார்கள். நானும் மனைவியும் பணி நிமித்தம் புதுச்சேரி ரெயின்போ நகரில் தரைத்தள வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு வீடுகளுக்கும் தனித்தனியாகக் காப்பீடு எடுத்துச் சில ஆண்டுகளாகப் புதுப்பித்து வருகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு இரண்டிலுமே இழப்பீடு கோரிப் பெற்றதால், இந்தக் கடற்கரையில் எதை எடுப்பது நல்லது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கட்டடத்தை விட வீட்டுப் பொருட்களுக்கான காப்பீட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

2004 சுனாமியும் 2011 தானே புயலும் வீடுகளையே குலைத்தன என்பது உண்மை. ஆனால் 2015 மழையிலும் ஃபெஞ்சலிலும் எங்கள் பகுதிகளில் நடந்தது வேறு. தண்ணீர் உள்ளே வந்தது, முழங்கால் அளவு நின்றது, வடிந்தது. கான்கிரீட் வீடு அப்படியே நின்றது. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி, கட்டில், மெத்தை, பீரோவின் அடித்தட்டில் இருந்த துணிகள் எல்லாம் போயின. சுவருக்கு வெள்ளையடித்தால் போதும் என்ற நிலையில் பொருட்களுக்கு லட்சக்கணக்கில் செலவாகும்.

இப்போது வீடுகளுக்கு விற்கப்படும் அடிப்படைப் பாலிசி ‘பாரத் கிருஹ ரக்ஷா’. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் உத்தரவுப்படி 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இதை ஒரே வாசகத்தோடு வழங்குகின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைப்பு ஆகிய அனைத்தும் அடிப்படையிலேயே அடங்கும். வெள்ளத்துக்கெனத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை மனையின் சந்தை விலையைப் பொறுத்ததன்று. கார்ப்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்குள் இருக்கும் தரைப் பரப்பை, ஒரு சதுர அடிக்கு இன்று ஆகும் கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 900 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 2,200 ரூபாய் என்று வைத்தால் 19.8 லட்சம் ரூபாய். கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் பாதுகாப்பு தானாகவே சேர்ந்துவிடும். பொருட்களின் பட்டியல்கூடக் கொடுக்கத் தேவையில்லை. இந்தக் கணக்கில் அது 3.96 லட்சம் ரூபாய். இரண்டு குளிர்சாதனங்களும் நல்ல மரச்சாமான்களும் உள்ள வீட்டுக்கு அது போதாது. பொருட்களின் விவரம் கொடுத்து அந்தத் தொகையை உயர்த்திக்கொள்ள முடியும். கடலூர் வீட்டுக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன். நகைகளுக்கு விருப்பப் பிரிவு ஒன்று தனியே உண்டு. ரொக்கப் பணத்துக்குப் பாதுகாப்பே கிடையாது.

இந்தப் பாலிசியில் நான் பெரிதும் மதிக்கும் அம்சம், குறைவான தொகைக்குக் காப்பீடு செய்ததைக் காட்டி இழப்பீட்டை வெட்ட முடியாது என்பது. முன்பெல்லாம் 20 லட்சம் மதிப்புள்ள வீட்டை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், ஒரு லட்சம் சேதத்துக்குப் பாதிதான் கிடைக்கும். இதில் அந்த வெட்டு இல்லை. பல ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுத்தால் கட்டடத் தொகை ஆண்டுதோறும் 10 சதவீதம் தானாக உயரும் என்பதும், சிமென்டும் கூலியும் ஏறும் வேகத்தைப் பார்க்கும்போது, பயனுள்ள ஏற்பாடு.

சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட தண்ணீர் டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் பெருகியபோது, கடலூர் வீட்டின் பின்பக்க மதில் சரிந்தது. இழப்பை மதிப்பிட நிறுவனத்தின் சார்பில் வந்த சர்வேயர், “சார், மதில் கட்டடக் கணக்குல வராது” என்றார். பாலிசியின் வரையறைப் பக்கத்தில் மதில், போர்ட்டிகோ, தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை ஆகியவை கட்டடத்தின் பகுதி என்றே அச்சாகியிருக்கிறது. அதை அப்பா அவர் கையில் கொடுத்தார். அவரும் வாசித்துப் பார்த்து அறிக்கையில் மதிலைச் சேர்த்துக்கொண்டார். இடிபாடுகளை அகற்றும் செலவும் இழப்பீட்டில் 2 சதவீதம் வரை கிடைத்தது. ஆனால் மாடித் தளத்தில் நாள்பட்ட நீர்க்கசிவால் பெயர்ந்த பூச்சுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. தேய்மானமும் பராமரிப்புக் குறையும் எந்த வீட்டுப் பாலிசியிலும் அடங்காது என்பதால் அதில் நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்காரர் எடுத்திருக்கும் பாலிசி உங்கள் பொருட்களைக் காக்காது. அடுக்குமாடிச் சங்கம் எடுத்திருக்கும் பாலிசியும் பெரும்பாலும் கட்டடத்தோடு நின்றுவிடும். வாடகைதாரர் பொருட்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம், பிரீமியமும் அதிகமில்லை. புதுச்சேரி வீட்டுக்கு நான் கட்டுவது, 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து, ஒரு மாத மின்கட்டணத்தைத் தாண்டியதில்லை. புயலன்று தண்ணீர் வடிவதற்குள் மனைவி ஒவ்வொரு சாதனத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டோடு சேர்த்துப் படமெடுத்து வைத்தாள். பழைய பில் இல்லாத வாஷிங் மெஷினுக்கு அந்தப் படமும் சர்வீஸ் சென்டர் எழுதிக்கொடுத்த மதிப்பீடுமே போதுமானதாக இருந்தன. நனைந்த பொருட்களைச் சர்வேயர் பார்க்கும் வரை பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

திருட்டு விஷயத்தில் பலருக்கும் தவறான நம்பிக்கை இருக்கிறது. இந்த அடிப்படைப் பாலிசியில், வெள்ளம், தீ போன்ற நிகழ்வைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே அடங்கும். வெளியூர் போயிருக்கும்போது பூட்டை உடைத்து எடுத்துப்போனால் அதற்குத் தனிக் கொள்ளைக் காப்பீடு வேண்டும். வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கியில் எடுக்கச் சொல்லும் காப்பீடு பல நேரங்களில் கடனாளியின் உயிருக்கானது. வீட்டுக்கானது இருக்கிறதா என்று காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சமையல் எரிவாயு விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை உண்டு. அது இணைப்பில் பதிவான முகவரிக்குத்தான். வீடு மாறியும் எரிவாயுப் புத்தகத்தில் பழைய முகவரியையே வைத்திருக்கும் வாடகைதாரர்கள் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

நிறுவனம் மறுத்தாலோ, எழுதிய புகாருக்கு ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. கடலூர், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்குச் சென்னை அலுவலகமும், மாஹேவுக்குக் கொச்சியும், ஏனாமுக்கு ஐதராபாத்தும் பொறுப்பு. நிறுவனத்துக்கு அனுப்பிய புகாரின் நகல், பாலிசி, சர்வேயர் அறிக்கையின் பிரதி ஆகிய மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். சர்வேயர் அறிக்கையின் பிரதியை நிறுவனத்திடம் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு இருக்கிறது.